மூவர்ணியின் சால்வை எந்தத் தோளில்?

2008 ஜூலை 7

ஆபீசில் வேலை குறைவு. இழுப்பறைக்குள் மறைத்து வைத்து இந்த மாத 'வீரமங்கை மூவர்ணி' படித்தேன். இருபத்தேழு வயதில் படக்கதையா என்று அம்மா கேட்பாள். கேட்கட்டும்.

எல்லையில் பறக்கும்போது காவிச் சால்வை இடது தோளில். இறங்கும்போது வலது தோளில். பச்சை பூட்ஸ் அடுத்த பக்கத்தில் வெறும் செருப்பு. தேசத்தைக் காப்பாற்றப் போகிறவள் நடுவானில் செருப்பு மாற்றுவாளா? பத்திரிகைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இது நாலாவது கடிதம்.

ஆகஸ்ட் 4

அச்சாகிவிட்டது! கீழே ஓவியர் 'சுயம்பு'வின் பதில்: "வாசகி பிரிஜாவுக்கு — அன்று காற்று திசை மாறி அடித்தது."

திமிரைப் பார்!

ஆகஸ்ட் 6

இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன். வில்லன் காகிதாசுரனின் குகையில் இரண்டே இறக்கையோடு ஒரு மின்விசிறி. எங்கள் செக்‌ஷன் மின்விசிறியேதான்! சுவரில் எங்கள் ஆபீசில் தொங்கும் அதே கோட்டாறு துணிக்கடைக் காலண்டர். காகிதாசுரன் வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருக்கிறான், எங்கள் அதிகாரி மாதிரியே. மூலையில் ஒருத்தி இழுப்பறையைத் திறந்து மிக்சர் தின்றுகொண்டிருக்கிறாள்.

பக்கத்து மேசை செசிலியிடம் காட்டினேன். "ஏட்டி, இது நீயில்லியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்படியென்றால் சுயம்பு இங்கேதான் இருக்கிறான். யார்?

ஆகஸ்ட் 8

பிடித்துவிட்டேன். சூப்பிரண்டு தங்கப்பன் சார்! கட்டைவிரல் நகத்தில் காவி வர்ணம் அப்பியிருந்தது. முன்னால் போய் நின்று, "சார், இன்னைக்கு காத்து எந்தப் பக்கம்?" என்றேன். கையிலிருந்த டீ சிந்தியது.

"மிண்டாத பிள்ளே, யாருட்டயும் சொல்லாத. வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்."

உண்மைதான். அரசு ஊழியர் அனுமதி வாங்காமல் வெளியே சம்பாதிக்கக் கூடாது. ஆனாலும் என்னை எதற்கு வரைந்தாராம்?

"நாலு கடுதாசி எழுதினியே. நான் ஒரு பொட்டலம் மிக்சர்தானே வரைஞ்சேன்?"

பாவமாக இருந்தது. சும்மா விடவும் மனசில்லை. "அப்ப மூவர்ணிக்க உடுப்புல ஒரு பை வையுங்க சார். கைக்குட்டைய அவ எங்க வைப்பா?"

செப்டம்பர் 3

பை வந்துவிட்டது! கடைசிப் பக்கத்தில் மட்டும் காணோம். இவரைத் திருத்தவே முடியாது.

செப்டம்பர் 10

யாரோ இதழை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டார்கள். செக்‌ஷன் முழுவதையும் உள்ளே கூப்பிட்டார்.

"இந்தக் காகிதாசுரன் நான்தானே? யார் இந்தச் சுயம்பு?"

தங்கப்பன் சார் முகத்தில் ரத்தமே இல்லை. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அவரே ஒப்புக்கொண்டுவிடுவார். என்ன பேசுகிறோம் என்று யோசிப்பதற்குள் பேசிவிட்டேன்.

"நீங்களா? இவனுக்கு ஆறாம் பக்கத்துல மீசை இருக்கு, ஏழாம் பக்கத்துல இல்ல. வாட்ச் இந்தக் கையில இருந்து அந்தக் கைக்குப் போகுது. காது கூட மாறுது சார். வரையவே தெரியாத ஆளு! இவனால உங்க முகத்தை வரைய முடியுமா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசியில், "மூக்கும் சரியில்லதான்" என்று இதழை மூடினார். "போங்க, வேலையைப் பாருங்க."

வராந்தாவில் தங்கப்பன் சார் என்னை நிறுத்தினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"வரையவே தெரியாத ஆளா நான்?"

உயிர் போய் வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது!

செப்டம்பர் 11

தங்கப்பன் சார் இன்று என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அக்டோபர் 13

சாப்பாட்டு நேரத்தில் தங்கப்பன் சார் பழைய ஃபைல் அட்டை ஒன்றை என் மேசையில் வைத்தார். உள்ளே அடுத்த மாதப் பக்கங்கள், பென்சிலில்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னால ஒருக்கப் பாத்துக் குடு மக்கா."

சால்வை, பூட்ஸ், பை, மீசை எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தேன். பதினோராம் பக்கத்தில் மூவர்ணியின் வளையல் கை மாறியிருக்கிறது. அதை மட்டும் சொல்லவில்லை.

வாசகர்களுக்கும் ஏதாவது வேண்டாமா?