நம் பண்ணைமேல் ஒட்டிய நீலப் பொட்டு

அலாஸ்காவில் இருக்கும் என் செல்ல மகள் மாரெனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மாடுகளும் சுகம், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது மாரென், யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அடுத்த இருபது வருஷத்துக்கு எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று நம் கவுன்டி நிர்வாகத்துக்காரர்கள் திட்டம் போடுவதாக எழுதியிருந்தேன் அல்லவா. அதற்காக விவசாயிகள் சங்கக் கூடத்தில் பெரிய வரைபடத்தை மாட்டி ஆளுக்குச் சில ஸ்டிக்கர் பொட்டுகள் கொடுத்தார்கள், புது வீடுகள் வரவேண்டிய இடத்தில் நீலம், விவசாயமாகவே இருக்கவேண்டிய இடத்தில் பச்சை. நான் கூடத்துச் சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா பால் கறந்துவிட்டு, விளக்கமெல்லாம் முடிந்த பிறகு வந்தார், கண்ணாடியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு. சுவரில் எழுதியிருந்ததைப் படிக்க முடியவில்லை, வீடு எங்கே என்று காட்டச் சொல்கிறார்கள் என நினைத்து நம் பண்ணைமேல் நீலத்தை நச்சென்று ஒட்டிவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் வைக்கோல் அறுப்பதென்றாலும் அவர் இறங்கிய பிறகுதானே மற்றவர்கள் இறங்குவார்கள். ஆர்லோவே ஒட்டிட்டான், அப்புறம் என்னப்பா யோசனைன்னு பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் தன் வீட்டின்மேல் ஒட்ட, பின்னாலேயே எல்லோரும் ஒட்டினார்கள்.

போன வாரம் திட்டத்தின் வரைவு வந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் ஏக்கருக்கு நாலு வீடு. கவுன்டி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இது நீங்க கேட்டதுதானேம்மா, அவ்வளவும் உங்க ஊர்ப் பொட்டுதானேன்னு அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் வீடுகள் வந்து வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு போட்ட மறுகோடையே, அங்கே பண்ணை வைத்திருந்த இங்காவின் கிணறு சேற்றைக் கக்கியது, பாவம், மாடுகளை விற்றுவிட்டாள். இப்போது குழாயைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீரைத் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்.

டெல்பர்ட் நேற்று நம் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, வீடு கட்டுறவன்கிட்ட பேரம் முடிச்சுட்டுத்தானேடா எங்களையும் ஒட்ட வச்சேன்னு கேட்டுவிட்டான். அப்பா ரொட்டித் தட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தார். அவன் போனதும், உண்மையைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றேன். திருடன்னு அவன் சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும் வெர்னா, மடையன்னு நானே என் வாயால எப்படிச் சொல்லுவேன் என்கிறார். இதற்கு நான் என்ன செய்ய?

பன்னிரண்டாம் தேதி வியாழன் மாலை கவுன்டி ஆட்கள் முன்னால் பொதுக்கூட்டம், யார் வேண்டுமானாலும் மைக்கில் பேசலாம். புரியாமல் ஒட்டிவிட்டேன் என்று அப்பா ஒருவர் எழுந்து சொன்னால் போதும், மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். அவருக்கு முன்னால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், அதுதான் என் பயம். அன்றைக்குப் பிறகு வரைபடம் முடிவாகிவிடும். சட்டைப் பையில் கண்ணாடியை இப்போதே வைத்துத் தைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

கம்பளி உடுப்பைக் கழற்றாதே, மாப்பிள்ளையிடம் கோபப்படாதே. உங்கள் இருவரையும் கடவுள் கைவிடாமல் காக்கட்டும். வியாழன் கூட்டம் முடிந்ததும் மறக்காமல் போன் செய். அப்பா எடுத்தால் பேசிவிட்டார் என்று வைத்துக்கொள். நான் எடுத்தால் ஒன்றும் கேட்காதே, அங்கே பனி எப்படி என்று மட்டும் சொல், அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா வெர்னா