இழுக்குமோ என்று கேட்டான்

ஆவணி 6, வெள்ளி.

கனடாவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வருகிறான். படுக்கக் கட்டிலும் சமைக்கக் குசினியும் வைத்த இழுவைப் பெட்டியொன்றைக் கிளிநொச்சியில் செய்வித்திருக்கிறான். அதை நுவரெலியா வரை இழுத்துப்போக நல்ல பிக்கப் ஒன்று தேடிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

இன்று முரசுமோட்டையில் ஒன்று பார்த்தேன். உழவு இயந்திரம் வாங்குகிற மாதிரித்தான் பார்த்தேன். பிக்கப்பின் பின்னால் பெட்டியைக் கொழுவி, கட்டில்மேல் நெல்மூட்டைகளை அடுக்கி, வாய்க்கால் சேற்றில் இறக்கினேன். ஒரே இழுவையில் கரையேறியது.

"பாத்தியளே அண்ணை, யானை மாதிரி!" என்றார் பிக்கப்காரர்.

எனக்கும் சந்தோசம்தான். திரும்பி வருகையில் குளக்கட்டால் இறங்கினோம். பிரேக்கை மிதித்தேன். பெட்டி பின்னாலிருந்து எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தது. கட்டின் அடிக்கு வந்துதான் நின்றது. நான் கீழே இறங்கி, வந்த சரிவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"உதுக்கேன் பயப்பிடுறியள்? இஞ்ச எங்க மலை கிடக்கு?"

இங்கே இல்லை. நுவரெலியாவில் இருக்கிறது. பின் இருக்கையில் தம்பியின் பிள்ளைகள் இரண்டும் இருக்கும்.

பின்னேரம் தம்பி போன் எடுத்தான். குரலில் அப்படியொரு சந்தோசம்.

"அண்ணை, இழுக்குமோ?"

"ஓம், யானை மாதிரி" என்றேன்.

நிற்குமோ என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.