ஜன்னலடியில் ஒரு சொட்டை

என் தங்கைக்கு,

உன் அத்தான் சுகம். எனக்கும் ஒன்றுமில்லை. இங்கே உம்லாசியில் மழை பிடித்துக்கொண்டது.

வீட்டைச் சுற்றி அமாதுங்குலு என்ற முட்செடியை நடச் சொன்னார். தரையோடு படர்கிற வகை. என் கையால்தான் நட்டேன். எந்தக் காலமும் பச்சை, பூவுக்கு நல்ல மணம், முள் செருப்பையே துளைக்கிறது. "இனி எந்தத் திருட்டுப் பயலும் ஜன்னல்கிட்ட வரமாட்டான்," என்று சொல்லி, வாசலைப் பூட்டிச் சாவியோடு வேலைக்குப் போகிறார். ஒருநாளும் மறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் செடியைப் பார்க்க என்னை வெளியே விடுகிறார்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு மாசெலே மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, சமையலறை ஜன்னலுக்குக் கீழ மட்டும் சொட்டை விழுந்திருக்கு?"

"அங்க வெயில் படலக்கா."

பக்கத்தில் நின்ற உன் அத்தான் சிரித்தார். "இவளுக்கு ஒரு செடி வளர்க்கத் துப்பில்ல."

நானும் சிரித்தேன். கம்பி போடாத ஜன்னல் அது ஒன்றுதான். அங்கே நீளும் கிளைகளை அவர் பார்க்காத நேரம் வாராவாரம் நறுக்கிவிடுகிறேன். இரண்டு கால் ஊன்ற இடமிருக்கிறது.

இதை மாசெலேதான் கொண்டுவருவாள். பதில் எழுதாதே. உன் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் அவளிடம் சொல்லி அனுப்பு. சீக்கிரம் சொல். மழையில் இந்தச் செடி வேகமாகப் படர்கிறது.

உன் அக்கா