சுறா எண்ணெய் பூசின தலைப்பெழுத்து

1964 பெப்ரவரி 4, குருநகர்
இண்டைக்கும் கடலிலை சத்தி எடுத்தன். பரம்பரையாய் மீன் பிடிக்கிற வீட்டிலை எனக்கு மட்டும்தான் வள்ளம் ஆடினால் குடல் வாய்க்கு வருது. "உவனை ஏத்திறதுக்கு இரண்டு சாக்கு மண் ஏத்தலாம்" எண்டார் அண்ணை.

பெப்ரவரி 7
வள்ளங்களுக்கு நான் எழுதின பேர்களைக் கண்டிட்டு, மாசிகை நடத்துற சோமசேகரம் மாஸ்ரர் கூப்பிட்டார். தலைப்புகளுக்கெண்டு புது மாதிரிப் பெரிய எழுத்து மரத்திலை வெட்டித் தரட்டாம். நல்லாய் வந்தால் அச்சகத்திலை நிரந்தர வேலை. வராட்டில்? மார்ச் 2 தொடக்கம் நாளாந்தம் வள்ளம். அண்ணை சொல்லிப்போட்டார். மாதாவே!

அச்சகம் முழுக்க எலி. கடுதாசிக் கட்டெல்லாம் அரிச்சுக் கிடக்கு. கதைச்சுக்கொண்டிருக்க ஒண்டு மாஸ்ரரின்ரை செருப்புக்கு மேலாலை ஓடிச்சு.

பெப்ரவரி 15
'ழ'வின்ரை வால் நங்கூரம் மாதிரி வந்திட்டுது. வடிவாய்த்தான் இருக்கு, விட்டிட்டன். மச்சாள் ஸ்ரெல்லா பாத்திட்டு, "'ஐ' ஏன் பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கு?" எண்டு கேட்டா. செதுக்கி மெலிய வைச்சன்.

பெப்ரவரி 19
முடிஞ்சுது! மரம் வெடிக்காமல் இருக்க, வள்ளத்துக்குப் பூசுற மாதிரிச் சுறா எண்ணெய் இரண்டு தரம் பூசினன். வேறை என்னத்தைப் பூசுறது?

பெப்ரவரி 26
ஐயோ. மாசிகைப் புத்தகம் வந்திட்டுது. எழுத்து வடிவு. மணம் — சொல்லேலாது. அச்சடிச்ச நடராசாவுக்குத் தடிமனாம், மூக்கடைப்பிலை ஒண்டும் மணக்கேல்லையாம். மாஸ்ரர் சுத்த சைவம். சால்வையாலை மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, தேவாரக் கட்டுரை சுறாப்புட்டு மணக்குதே!" எண்டு கத்தினார். அச்சக வாசலிலை ஊர்ப் பூனையெல்லாம் வந்து நிக்குது. வீட்டை வந்து அழுதன், உண்மையாய்.

பெப்ரவரி 28
வட்டுக்கோட்டையிலை ஒருத்தர் புத்தகத்தைக் கிணத்தடியிலை கழுவிப் பாத்தாராம்.

பெப்ரவரி 29
அண்ணை எனக்கெண்டு ஒரு தொப்பி வாங்கி வைச்சிருக்கிறார், கடல் வெயிலுக்காம். பாசத்திலைதான். அதுதான் இன்னும் பயமாய்க் கிடக்கு.

மார்ச் 1
பூசை முடிஞ்சு வர, மாதா கோயில் வாசலிலை மாஸ்ரர். ஏச்சு விழப்போகுதெண்டு தலையைக் குனிஞ்சன்.

"தம்பி, நாலு நாளாய் அச்சகத்திலை ஒரு எலியும் இல்லை. பூனையள் குடியேறிட்டுதுகள். கடுதாசி முழுசாய்க் கிடக்கு."

பிறகு குரலைக் குறைச்சார்.

"நாளைக்கு வேலைக்கு வாரும். அச்சடிக்கப் புதுசாய் வெட்டித் தேங்காயெண்ணெய் பூசும். பழசு மூலையிலை கிடக்கட்டும். மாசத்துக்கு ஒருக்கால் அதுக்குச் சுறா எண்ணெய் பூசிவிட்டால் நல்லது."

மார்ச் 2
விடிய அண்ணையின்ரை வள்ளம் வெளிக்கிட்டுது. கரையிலை நிண்டு கை காட்டினன். பாத்ததுக்கே வயித்தைப் பிரட்டிச்சு. தொப்பியைப் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனன்.