மேட்டுப் பாதைக்கு எத்தனை வோல்ட்

அக்டோபர் 7, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. முதியோர் இல்லத்தின் மேட்டுப் பாதையில் பாசி. தேய்த்துக் கழுவச் சொன்னேன்.

நிர்வாகக் குழுக் கூட்டம். மேல் கட்டடத்துப் பெண்களில் நடக்க முடியாதவர்களை கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் உள்ள எங்கள் கிளைக்கு மாற்றிவிடலாம் என்கிறார் தலைவர். காரணத்தில் குறை சொல்ல முடியவில்லை. சாப்பாட்டுக் கூடம், உடற்பயிற்சி அறை, தோட்டம் எல்லாம் கீழே. பாதையில் கார் நுழையாது. சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்ற ஆளில்லை.

மாற்று ஒன்றுதான். கோல்ஃப் மைதானங்களில் ஓடும் பேட்டரி வண்டி. நன்கொடையாளர் ஒருவர் வாங்கித் தரத் தயார். எது என்று திங்களுக்குள் சொல்ல வேண்டும். மேடு ஏறாத வண்டியைத் தேர்ந்தெடுத்தால், மாக் மண்டின்தான்.

"நீங்க பிஸிக்ஸ் படிச்சவங்க, மேனேஜர். ஆனா ரொம்ப யோசிக்காதீங்க லா. முப்பத்தாறு வோல்ட் போதும்னு ஜுரு கடையில சொல்லிட்டாங்க," என்றார், டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் தலைவர்.

விற்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்.

ரோசலின் ஆன்ட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. மேல் கட்டடம், சக்கர நாற்காலி. கணவர் அந்தோணி அங்கிள் கீழே, ஆண்கள் கட்டடத்தில். இதய அறுவைக்குப் பிறகு அவர் மேடு ஏறக்கூடாது. ஒரே வளாகத்துக்குள் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். இனி ஆன்ட்டியைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பினால். எழுத வரவில்லை.

அக்டோபர் 8, புதன்

நல்ல வெயில். ஜுரு போய் வந்தேன். பாலத்தில் நெரிசல், ஒரு மணி நேரம் வீண்.

விற்பனையாளர் பெயர் சிவா. வண்டிகளை மூன்று வகையாகக் காட்டினார்: 36, 48, 72.

"அக்கா, 72 எடுங்க. பறக்கும்."

"யாரை உக்கார வெச்சுப் பறக்கப் போறேன்? எங்க ஆளுங்க எல்லாருக்கும் எழுபதுக்கு மேல."

"அப்ப 36 எடுங்க. மோட்டார் பவர் சேம்தான் அக்கா. ஒரு ரிசோர்ட்டுக்குக் குடுத்தோம், ஒரு கம்ப்ளெய்ன் இல்ல."

"ரிசோர்ட் எங்க இருக்கு?"

"பீச் பக்கம்."

"அங்க மேடு இருக்கா?"

சிரித்து மழுப்பினார்.

72 வேண்டாம். வேகம் தேவையில்லை, சார்ஜர் கெட்டால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். மீதி இரண்டு. ஒரே திறனுக்கு, வோல்ட் குறைந்தால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் சூடு. சமதளத்தில் இது வெளியே தெரியாது. ஆள் ஏற்றி, மேட்டில், ஓய்வில்லாமல் ஓட்டினால்தான் தெரியும்.

காகிதத்தில் 48 ஏறுகிறது. காகிதத்தில் எதுவும் ஏறும்.

இரண்டையும் சனிக்கிழமை கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மூட்டம். ஜார்ஜ் டவுன் பல் டாக்டரை அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். நாளைக்கு: அரிசி மூட்டைகள் (ஆள் எடைக்கு), சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, குடை.

சமையலறை வழியாகச் செய்தி மேலே போய்விட்டது. ரோ. ஆன்ட்டி கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னைத் தூக்கி அந்தப் பக்கம் போடப் போறீங்களாமே?"

"இன்னும் முடிவாகல, ஆன்ட்டி."

"நான் போன்ல கத்தலன்னா அந்த மனுஷன் மாத்திர முழுங்க மாட்டாரு. அங்கேருந்து கத்துனா கேக்குமா?"

வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. 

அக்டோபர் 11, சனி

முதலில் 36. பின் இருக்கைகளில் அரிசி மூட்டைகள். எங்கள் டிரைவர் முத்து அண்ணன் ஓட்டினார். சிரமமே இல்லாமல் ஏறியது. தலைவர் கை தட்டினார்.

"முடிஞ்சது. வாங்க, பசியாறப் போவோம்."

"இன்னொரு தடவை, டத்தோ."

ஏறியது. இன்னொரு தடவை என்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வண்டி ஓய்வில்லாமல்தான் ஓடும். ஒரு முறை ஏறியதை வைத்து என்ன முடிவு செய்வது?

"மேனேஜர், இது வண்டியா, பரீட்சை எழுதற புள்ளையா? மூட்டைய இறக்குங்க. நானே உக்காந்து காட்டுறேன்."

தலைவர் குழுவில் இன்னும் மூவரைக் கூட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நால்வரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். ஒரு முறை போய் வந்தார்கள். அடுத்த முறை பாதையின் வளைவுக்குக் கீழே வேகம் தளர்ந்தது. ஒரு முனகல். நின்றுவிட்டது. முத்து அண்ணன் பிரேக்கை மிதித்தார், நான் கட்டையை வைத்தேன். சரியாக அப்போது மழை.

"பேட்டரி முடிஞ்சிருச்சா?"

"இல்ல டத்தோ, மோட்டாருக்குக் கரண்ட் விடுற கன்ட்ரோலர் சூடாயிருச்சு," என்றார் சிவா. "கொஞ்சம் ஆறட்டும்."

"அதுக்குள்ள மேல உள்ளவங்களுக்குச் சோறு ஆறிடும்," முத்து அண்ணன், யாரையும் பார்க்காமல்.

பிறகு 48. அதற்கும் சலுகை காட்டவில்லை. அதே மூட்டைகள், பிறகு அதே நால்வர், பாதை மட்டும் இப்போது ஈரம். ஏறியது. இறங்கியது. மறுபடி. மறுபடி. வளைவில் தயங்கவே இல்லை. இருக்கையைத் தூக்கி, கன்ட்ரோலரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

"போதும் மேனேஜர், தல சுத்துது."

தலைவரையும் மற்ற மூவரையும் இறக்கிவிட்டு, மூட்டைகளோடு இன்னும் இரண்டு முறை ஓட்டச் சொன்னேன்.

அக்டோபர் 13, திங்கள்

வெயில். கூட்டம் பத்து நிமிடம்கூட இல்லை. 48. மாக் மண்டின் பேச்சு கைவிடப்பட்டது. யாரும் எங்கும் போகவில்லை. வெளியே வராந்தாவில் தலைவர் நன்கொடையாளரிடம் போனில்: "நான் ஆரம்பத்துலேருந்தே 48-தான் சொல்லிட்டு இருக்கேன்." சொல்லிக்கொள்ளட்டும்.

இரண்டாவது கோப்பி குடித்தேன்.

ஜெயித்தேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதலாம். முழுசாக ஜெயித்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. முதல் பயணம் ரோ. ஆன்ட்டி. பூப்போட்ட சேலை, பவுடர். பெல்ட் மாட்டிவிட்டு நான் பக்கத்தில்.

"மெதுவா ஓட்டு, முத்து."

"பயமா இருக்கா, ஆன்ட்டி?"

"பயமா? நான் வர்றத அவரு நல்லாப் பாக்கட்டும்."

அங்கிள் கூடத்து வாசலில் நின்றிருந்தார்.

"வந்துட்டியா?"

"இல்ல, இன்னும் மேலதான் இருக்கேன்."

மீன் குழம்பு. இருவரும் ஒரே மேசையில். அந்தப் பக்கம் அதிகம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

திரும்பும்போது அங்கிளும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எங்க, அங்கிள்?"

"டாக்டர் நடந்து ஏறக்கூடாதுன்னுதான் சொன்னாரு, மேனேஜர்."

முத்து அண்ணன் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். வண்டி போனது. வளைவுக்கு அப்பாலிருந்து ஆன்ட்டியின் குரல்:

"கைய எடுங்க, முத்து பாக்குறான்."