போதும் என்று சொல்லாத மனிதர்

லுக்கே, பராகுவே
செப்டம்பர் 14

அன்புத் தங்கை நெல்டாவுக்கு,

அக்கா ஆர்டித் எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம், நீ சௌக்கியமா என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. நீ சௌக்கியமாக இரு. எனக்கோ இந்த ஊருக்கு வந்த பதினைந்து மாதமாக எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு வருகிறது. சபைக்கு மாதாமாதம் அனுப்பும் கடிதத்தில் இதை எழுத முடியுமா? அதில் சூரிய அஸ்தமனம், சிரிக்கும் குழந்தைகள், கர்த்தரின் கிருபை என்று எழுதி அனுப்பிவிடுகிறேன். உண்மையைக் கொட்ட எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போன கடிதத்தில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. டிசம்பரில் ஊழியம் முடிந்ததும் அமெரிக்காவுக்கு, நம் ஐடஹோவுக்குத் திரும்புகிறீர்களா, இல்லையா? அதற்குப் பதில் என் முன்னால் மேஜை மேல் கிடக்கிறது. உன் அத்தான் ஊழியத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறார். அதில் நாலாம் பக்கம் நான் நிரப்ப வேண்டியது. கணவருக்கு உடம்பு எப்படி, நடை எப்படி, நினைவு எப்படி என்று மனைவி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதும்மா" என்று மூன்று நாளாக என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நான் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

எங்கள் அன்றாட வேலை என்ன தெரியுமா? வாலிப ஊழியர்கள் தங்கியிருக்கும் வீடுகளை வாரம் மூன்று நாள் போய்ப் பார்த்து, சுத்தமாக இருக்கிறதா என்று மதிப்பெண் போடுவது. சுவிசேஷம் சொல்லப் போகிறேன் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவள், இங்கே கக்கூஸுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன். சீ, அந்த வீடுகளை நீ பார்க்க வேண்டுமே! போன செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் அடுப்பு மேல் ஒரு சட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையாக முடி முளைத்த ஏதோ ஒன்று. "இது என்னப்பா?" என்றேன். "ஜூலை மாச சோறு, சிஸ்டர்" என்றார்கள், வெட்கமே இல்லாமல். கரப்பான் பூச்சிகளுக்கு ஆளுக்கொரு பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். உன் அத்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நான் வாசலுக்கு ஓடிப் போய் ஓங்கரித்தேன்.

அதையாவது கழுவித் தொலைக்கலாம். இந்தத் தெரெரே இருக்கிறதே, அதை என்ன செய்ய? மாட்டுக்கொம்புக் குவளையில் இலைத்தூளை அடைத்து, ஐஸ் தண்ணீர் ஊற்றி, உலோகக் குழல் ஒன்றைச் செருகிக் குடிக்கிறார்கள். குடிக்கட்டும். ஆனால் ஆறு பேர் உட்கார்ந்தால் ஆறு பேருக்கும் அதே குவளை, அதே குழல்! ஒருத்தர் வாயிலிருந்து எடுத்தது அடுத்தவர் வாய்க்குப் போகிறது. நம் அம்மா நம் ஐந்து பேருக்கும் டம்ளரில் பெயர் எழுதி ஒட்டி, மாற்றிக் குடித்தால் முதுகில் வைப்பாளே, அவள் இதைப் பார்த்திருந்தால் அங்கேயே பிராணனை விட்டிருப்பாள். காப்பியும் தேநீரும் கூடாது என்கிற நம் சபை இதற்கு மட்டும் ஏனோ தடை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வந்த முதல் வாரமே வீட்டுக்காரம்மா எங்களை முற்றத்தில் உட்கார வைத்து, ஊற்றி நீட்டினாள். நான் கைப்பையிலிருந்து கிருமிநாசினித் தாளை எடுத்து, குழலை அழுத்தித் துடைத்துவிட்டுக் குடித்தேன். நெல்டா, அதுவரை கலகலவென்று இருந்த இடம் கப்பென்று அடங்கிவிட்டது. அந்த அம்மா குவளையை வாங்கி மிச்சத்தை ரோஜாச் செடியில் கொட்டிவிட்டு, குளிர்தண்ணீர்க் கூஜாவை மூடி உள்ளே எடுத்துப் போய்விட்டாள். துடைப்பது அவர்களுக்கு முகத்தில் துப்புவது மாதிரியாம். எனக்கு யார் சொன்னார்கள்? அன்றிலிருந்து வயிறு சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிவிட்டேன். எங்கே போனாலும் அந்தத் தாள் பாக்கெட் மட்டும் கைப்பையில் இருக்கும்.

உன் அத்தான் அப்படியில்லை. முதல் நாளே வாய் வைத்தார். சாயங்காலமானால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். வட்டத்தில் பேச வேண்டியதே இல்லை. குவளை வரும், உறிஞ்சுவார், திருப்பிக் கொடுப்பார். அவர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை.

ஏன் நிம்மதி என்று எனக்குத் தெரியும். இதை இதுவரை யாருக்கும் எழுதவில்லை. உன் அத்தானுக்கு நினைவு தவறுகிறது. இங்கே வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. நாற்பது வருடம் வாய்க்கால் மடைகளைப் பார்த்துக்கொண்ட மனுஷன், யார் வயலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று தாளைப் பார்க்காமல் சொன்ன வெண்டல், இப்போது சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நிற்கிறார். இங்கே அவர் வார்த்தைக்குத் தடுமாறினால், பாவம், ஸ்பானிஷ் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயரை மறந்தால், வெளிநாட்டுக்காரர் என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். நான்தான் பக்கத்திலேயே நின்று, பாதி வாக்கியத்தை முடித்து வைத்து, பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஊழியத்துக்கு வந்த இடத்தில் பொய்! என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நீட்டிப்பு எதற்கு என்று ஒரு நாள் சண்டை போட்டேன். அதற்கு அவர் மெதுவாக, "இங்க என்னை யாரும் திருத்தறதில்ல, ஆர்டித்" என்றார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இனி சனிக்கிழமை கதைக்கு வருகிறேன். எங்களை மாதிரி வயசான ஊழியத் தம்பதிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கலாசாரச் சுற்றுலா உண்டு. ஏற்பாடெல்லாம் யூட்டாவிலிருந்து வந்த டீலா ஃபேக்ரல். இவளை நினைத்தாலே எனக்கு நாக்கு கசக்கிறது. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் மஞ்சள் சட்டை மாட்டிவிடுவாள். தேவாலயம், பொம்மை செய்யும் இடம், கொம்பு செதுக்கும் இடம் என்று எங்கே போனாலும் வேலை செய்கிறவர்களின் மூக்குக்கு நேரே கேமராவை நீட்டுவாள். ஒரு கிழவியின் பல்லில்லாத வாயைப் படம் எடுத்துவிட்டு, "எவ்ளோ அழகான ஏழ்மை, பாரேன்!" என்றாள். தூ! நானும் அதே மஞ்சள் சட்டையில் பக்கத்தில் நின்றேனே, அதுதான் இன்னும் அசிங்கம்.

இந்தத் தடவை சிலந்தி வலை மாதிரி லேஸ் பின்னும் இடாகுவாவுக்குப் போனோம். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கடைகள். டீலா ஒரு மேஜை விரிப்புக்குப் பேரம் பேசினாள். மூன்று மாதம் கண் கெடப் பின்னியதை, "ரெண்டா எடுத்தா என்ன குறைப்பே?" என்று. அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உன் அத்தான் இல்லை.

நெல்டா, அந்தச் சாலையில் பஸ்கள் நிற்காமல் பறக்கும். நான் கடை கடையாக ஓடினேன். மஞ்சள் சட்டை, உயரமான கிழவர், மஞ்சள் சட்டை என்று என் ஓட்டை ஸ்பானிஷில் கத்தினேன். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு தடவை பஸ் கிறீச்சிடும்போதும் ஓடிப் போய்ச் சக்கரத்தடியைப் பார்த்தேன். டீலா பின்னாலேயே வந்தாள். "என் மாமனாரும் இப்படித்தான். கழுத்துல ஒரு அட்டை எழுதித் தொங்க விட்டோம். நீயும் அதையே பண்ணேன்" என்றாள், சிரித்துக்கொண்டே. ஆடு மாடா அவர்? அவளை அறைந்திருப்பேன். அறைய நேரமில்லை.

கடைசியில் ஊர் முடிகிற இடத்தில், ஒரு மாமரத்தடியில் இருந்தார். நாலு பெண்கள் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிப் பின்னிக்கொண்டிருக்க, நடுவில் இவர். கையில் கொம்புக் குவளை. என்னைப் பார்த்ததும், "வா, வா, தண்ணி ஜில்லுன்னு இருக்கு" என்றார், வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி.

அங்கே மூத்தவள் விசென்டா என்று ஒருத்தி. ஊசியை நிறுத்தாமலே பேசினாள். "உங்க வீட்டுக்காரராம்மா? பதினோரு மணிக்கு வந்து ரோட்டோரமா நின்னாரு. எங்க போகணும்னு கேட்டோம், சிரிச்சாரு. சரி, ஞாபகம் வர்ற வரைக்கும் உக்காரட்டும்னு நாற்காலி போட்டோம்." போதும் என்றால் நன்றி சொல்லிக் குவளையைக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த சுற்றில் அந்த ஆளைத் தாண்டிப் போவார்கள். இந்த ஊர் வழக்கம் அது. உன் அத்தானுக்கு அதுவும் மறந்துவிட்டது. "அவர் போதும்னே சொல்லலம்மா. சொல்லாதவங்களைத் தாண்டிப் போக மாட்டோம் நாங்க. எத்தனை கூஜா ஆச்சுன்னு கணக்கே இல்ல. அவர் வயித்தைத் தட்டிப் பாருங்க, தண்ணிப் பானை!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதில் குத்தலே இல்லை.

அப்புறம் விசென்டா குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள்.

பதினைந்து மாதத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் என்றேன். பிள்ளைகளிடம் சொல்லாததை, கூடப் பிறந்த உன்னிடம் சொல்லாததை, பெயர் தெரிந்து ஐந்து நிமிஷம் ஆன ஒருத்தியிடம் சொன்னேன். அவள் ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் அத்தான் கையிலிருந்த குவளையை வாங்கி, தண்ணீர் ஊற்றி, என் பக்கம் நீட்டினாள்.

உடனே முதுகுக்குப் பின்னாலிருந்து டீலாவின் கை வந்தது, கிருமிநாசினித் தாளோடு. "இந்தா, துடைச்சுக்கோ. எத்தனை எச்சிலோ!" என் பையிலும் ஒரு பாக்கெட் இருந்தது. குழலைப் பார்த்தேன். ஈரமாகப் பளபளத்தது. உன் அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே வாயில் வைத்தேன். ருசியாக இருந்தது என்று கதை விட மாட்டேன். குழல் நுனி அவர் வாய்ச்சூட்டில் வெதுவெதுவென்று இருந்தது, உள்ளே ஈர வைக்கோலைக் கசக்கிப் பிழிந்த கசப்பு. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை உறிஞ்சித் திருப்பிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எந்தக் கடைல இருந்தேன்னு மறந்துபோச்சு. அப்புறம் என்ன மறந்ததுன்னே மறந்துபோச்சு. பயமா இருந்தது, ஆர்டித்" என்றார். நெல்டா, அந்த மரத்தடியில் யாரும் நாற்காலி போடாமல் இருந்திருந்தால்?

இங்கே கடிதத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். நாலாம் பக்கத்தை நிரப்பிவிட்டேன். நினைவு தவறுகிறது, தனியாக வெளியே அனுப்ப முடியாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவரிடமே படிக்கக் கொடுத்தேன், முதுகுக்குப் பின்னால் செய்ய மனசு வரவில்லை. இரண்டு தடவை படித்தார். "அப்ப டிசம்பர்ல வீட்டுக்கா?" என்றார். ஆமாங்க என்றேன். "அங்க போனா எல்லாரும் என்னைத் திருத்துவாங்களே" என்றார். யாரையும் திருத்த விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கு இப்போது உன் கையிலும் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு வீடியோவில் பேசும்போது அவர் பேரன் பெயரை மாற்றிச் சொன்னார். நீ மூன்று தடவை திருத்தினாய், அப்புறம் சிரித்தாய். உன் மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது. தெரிந்த நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வாயெல்லாம் கசக்கிறது.

டிசம்பரில் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம் போலச் சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்கு வருவோம். பெட்டியில் ஒரு கொம்புக் குவளையும் ஒரு குழலும் இரண்டு கிலோ இலைத்தூளும் வைத்துக் கொண்டுவருகிறேன். பனி கொட்டும்போது ஐஸ் தண்ணீரா என்று கேட்காதே. உன் சமையலறை மேஜையில் நான்தான் ஊற்றுவேன். ஊற்றுகிறவள் முதலில் குடிக்க வேண்டும், அதனால் முதலில் நான், பிறகு உன் அத்தான், அவருக்கு அடுத்து நீ. அவர் போதும் என்று சொல்லும் வரை சுற்று நிற்காது, எத்தனை நேரமானாலும் எழுந்து போகாதே.

நாம் ஒரே தாய் வளர்த்த பிள்ளைகள். உனக்குக் குமட்டும், எனக்குத் தெரியும். குமட்டினால் குமட்டட்டும். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், நெல்டா. உன் அத்தான் குடித்த குவளை உன் கைக்கு வரும்போது, உன் கால் பிடித்துக் கேட்கிறேன், அந்தக் குழலைத் துடைக்காதே.

உன் அக்கா,
ஆர்டித்