அழாத பிள்ளை

நவம்பர் 12, புதன்

தைராய்டு மருத்துவர் இன்று பொறுமையாக விளக்கினார். அயோடினை ஆக்சிஜனேற்றம் செய்யும் வேலை என் சுரப்பியில் ஒழுங்காகவே நடக்கிறதாம். அந்த அயோடின் போய் ஒட்ட வேண்டிய புரதம்தான் சரியாக மடிவதில்லை. மடித்துவிடும் துணைப் புரதங்கள் அதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் ஹார்மோன் குறைந்து எந்நேரமும் தூக்கமும் சோர்வுமாக இருக்கிறது. பிறவியிலேயே வருவது என்றார்.

"வீட்ல வேற யாருக்கும் இருக்கா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

பேறுகாலத்துக்கு வந்து இன்னும் எங்களோடு இருக்கும் அக்காவிடம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "ஏளா, நானும் எட்டாங்கிளாஸ்லருந்து அந்த மாத்திரைதான முழுங்குதேன்" என்றாள். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள்.

அம்மாவைப் பார்த்தேன். "உப்பு யாவாரி வீட்டுப் பிள்ளைக்கு அயோடின் நோயின்னா ஊரு சிரிக்கும்லா? மாமா வீட்டுல அவளக் கட்டியிருப்பாங்களா?" என்றாள்.

உப்பில் அயோடின் குறைவதால் வருவதல்ல இது. வகுப்பில் தூங்கி விழுந்த என்னைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டவள் அம்மாதான். காரணம் அவளுக்கு அப்போதே தெரியும்.

அக்கா மடியில் ஒரு மாதப் பிள்ளை. சொந்த மாமா மகனைக் கட்டியதால் இருபக்கமும் ஒரே இரத்தம். அழவே மாட்டான், தங்கமான பிள்ளை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். பாலுக்கே அவனை எழுப்ப வேண்டியிருக்கிறது.

"இவனுக்கும் டெஸ்ட் எடுப்போம்" என்றேன்.

"அத்தைக்குத் தெரிஞ்சா?" என்றாள் அக்கா.

அத்தானுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலையில் கார் எடுத்து வருகிறார். அம்மா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

பக்கத்து அறையில் பிள்ளையின் சத்தமே இல்லை. இரண்டு முறை எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.